தோட்டக்காரர் முணுமுணுத்த மெட்டு: ஆங்கில நாட்டுப்பாடல் மீட்சி, ஓர் எளிய அறிமுகம்

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் படித்த இசைக்காரர்கள் சிலர் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகக் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். பண்ணைக் கூலிகள், மீனவர்கள், வீட்டிலிருந்தே தைத்துப் பிழைத்த பெண்கள், ஏழை விடுதிகளில் கிடந்த முதியவர்கள் என்று தேடித் தேடிப் போய்ப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டு வந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான மெட்டுகள் பள்ளிக்கூடப் பாட்டுப் புத்தகத்திலும், தேவாலய ஞானப்பாட்டிலும், ஆர்கெஸ்ட்ரா மேடையிலும் ஏறின. இதைத்தான் ஆங்கில நாட்டுப்பாடல் மீட்சி என்று இசை வரலாற்றில் சொல்கிறார்கள். மேற்கத்திய இசை தெரியாதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். ஏழு சுரம் தெரிந்திருந்தால் இன்னும் சுலபம்.

முதலில், எதற்காகத் தேடினார்கள்? லண்டன் இசைக்குப் பணத்தை வாரி இறைத்த ஊர். ஹாண்டல் ஜெர்மனியிலிருந்து வந்து அங்கேயே குடியேறிவிட்டார். ஹைடன் 1790-களில் இரண்டு முறை வந்து கைநிறையச் சம்பாதித்துக்கொண்டு போனார். மெண்டல்சோனின் 'எலைஜா' 1846-ல் முதலில் அரங்கேறியது பர்மிங்காமில்தான். ஆனால் 1695-ல் பர்செல் இறந்த பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், ஐரோப்பா முழுவதும் பெயர் சொல்லும்படியான ஆங்கில இசையமைப்பாளர் ஒருவரும் நிலைக்கவில்லை. 'இசை இல்லாத நாடு' என்று ஜெர்மனியில் கிண்டல் செய்தார்கள்.

அது நியாயமில்லாத கிண்டல் என்பது என் கட்சி. யார்க்‌ஷையர் ஆலைத் தொழிலாளிகள் வேலை முடிந்து வந்து நூற்றுக்கணக்கில் கூடி ஹாண்டலின் 'மெசையா'வைப் பாடினார்கள். சுரங்க ஊர்களில் பித்தளை வாத்தியக் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. நகரங்களில் மியூசிக் ஹால் என்ற ஜனரஞ்சகப் பாட்டு அரங்குகள் நிரம்பி வழிந்தன. பாடுபவர்களுக்கோ கேட்பவர்களுக்கோ அங்கே பஞ்சமே இல்லை. சொந்தமாக ஒரு குரல்தான் இல்லை. ஆர்தர் சல்லிவன், சார்ல்ஸ் ஸ்டான்ஃபோர்ட் போன்றவர்கள் ஜெர்மனியின் லைப்சிக்கில் போய்ப் படித்துவிட்டு வந்தவர்கள். எழுதியதிலும் அந்த வாடை அடித்தது. 1899-ல் 'எனிக்மா வேரியேஷன்ஸ்' என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பின் மூலம் எட்வர்ட் எல்கார் என்ற ஆங்கில இசையமைப்பாளர் அந்தச் சாபத்தை உடைத்தார். ஆனால் நாட்டுப்பாடல்களில் அவருக்கு ஆர்வமே இல்லை. ரஷ்யாவிலும் நார்வேயிலும் பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கிராமத்துப் பாட்டை அடித்தளமாக வைத்துத் தங்களுக்கென ஓர் இசையைக் கட்டியிருந்தார்கள். நாமும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று எல்காருக்கு அடுத்த தலைமுறை கேட்டது. 1898-ல் லண்டனில் நாட்டுப்பாடல் சங்கமும் தொடங்கப்பட்டது. லூசி பிராட்வுட், பேரிங்-கூல்ட் போன்றவர்கள் அதற்கு முன்பே சேகரிப்பில் இறங்கியிருந்தார்கள்.

சரி, இனி செசில் ஷார்ப். லண்டனில் இசை ஆசிரியர். 1903-ல் சோமர்செட் மாவட்டத்தில் ஹாம்ப்ரிட்ஜ் என்ற சிற்றூருக்கு, அங்கே பாதிரியாராக இருந்த நண்பர் சார்ல்ஸ் மார்சனைப் பார்க்கப் போனார். அவர் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஒரு காதல் பாட்டைத் தனக்குத் தானே பாடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜான் இங்கிலாந்து. கதையில் யாராவது இப்படிப் பெயர் வைத்தால் நம்ப மாட்டோம், ஆனால் அதுதான் நிஜப் பெயர். ஷார்ப் அங்கேயே மெட்டை எழுதிக்கொண்டார். உடனே உட்கார்ந்து அதற்கு பியானோ பக்கவாத்தியமும் எழுதினார். அன்று மாலையே ஊர்ப் பாடகர் குழுவின் விருந்தில் தேர்ந்த பாடகி ஒருவர் அதைப் பாடினார், ஷார்ப் பியானோ வாசித்தார். காலையில் தோட்டத்தில் இருந்த பாட்டு மாலையில் மேடையில். மீட்சியின் மொத்தக் கதையும் ஏறக்குறைய அந்த ஒரு நாளுக்குள்ளேயே இருக்கிறது.

அதே ஊரில் லூயி ஹூப்பர், லூசி வைட் என்ற சகோதரிகளிடமிருந்து மட்டுமே ஷார்ப்புக்கு ஏராளமான பாட்டுகள் கிடைத்தன. இங்கிலாந்திலும், பின்னால் 1916 முதல் 1918 வரை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளிலுமாக அவர் வாழ்நாளில் எழுதிக்கொண்டவை ஏறக்குறைய 5,000.

பாட்டுகளைச் சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. நாட்டுப்பாடல் என்றால் என்ன என்று 1907-ல் ஒரு புத்தகமே எழுதினார். சாராம்சம் மூன்று விஷயம். ஒன்று, பாட்டு வாய்வழியாகத் தலைமுறை தாண்டி வரும் தொடர்ச்சி. இரண்டு, ஒவ்வொரு பாடகர் வாயிலும் அது கொஞ்சம் மாறும் மாற்றம். மூன்று, அந்த மாற்றங்களில் ஊருக்குப் பிடித்தது நிற்கும், பிடிக்காதது உதிரும் என்ற தேர்வு. டார்வின் வாடை அடிக்கிறதா? அடிக்கத்தான் வேண்டும், காலம் அப்படி. (இந்த இயக்கத்தின் இன்னொரு பெரிய ஆள், இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ், டார்வினின் சகோதரி வழியில் வந்தவர்.) 1954-ல் சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம் நாட்டுப்புற இசைக்கு வரையறை வகுத்தபோதும் இந்த மூன்றையே எடுத்துக்கொண்டது.

அந்த மெட்டுகளில் அப்படி என்ன புதுமை?

இங்கேதான் நமக்கு ஒரு வசதி. பியானோவில் 'சி' என்ற கட்டையை ச-வாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் மேல் ச வரை வாசித்தால் மேஜர் ஸ்கேல் வரும். சுரக் கணக்கில் அது சங்கராபரணம். இப்போது அதே வெள்ளைக் கட்டைகளைத்தான் வாசிக்கிறோம், ஆனால் சங்கராபரணத்தின் ரி இருந்த கட்டையை ச-வாக வைத்துக்கொள்கிறோம். வருவது கரகரப்பிரியா. பஞ்சமத்தை ச-வாக வைத்தால் ஹரிகாம்போதி. தைவதத்தை வைத்தால் நடபைரவி. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது கிரக பேதம். மேற்கில் இவற்றை மோட் என்று அழைத்து, முறையே டோரியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இடைக்காலத் தேவாலயப் பாடல்கள் இப்படிப்பட்ட மோட்களில்தான் இருந்தன.

பிறகு ஐரோப்பிய மேடை இசை மேஜர், மைனர் என்ற இரண்டுக்குள் சுருங்கிவிட்டது. காரணம் ஹார்மனி, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கவிடும் முறை. ஒரு வாக்கியம் முடிந்தது என்று காதுக்கு உணர்த்த அவர்களுக்குக் காகலி நிஷாதம் தேவைப்பட்டது. அதற்கு அடுத்த கட்டையிலேயே மேல் ச இருக்கிறது. அதனால் அந்த நி-யைத் தொட்டதுமே ச-வுக்குப் போயே தீர வேண்டும் என்று ஓர் இழுப்பு வரும். ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் என்று யாரை எடுத்தாலும் முடிவுகளில் இந்த இழுப்பைக் கேட்கலாம்.

மேலே சொன்ன மூன்று மோட்களிலும் இருப்பது கைசிகி நிஷாதம். அதற்கும் ச-வுக்கும் நடுவே இன்னொரு கட்டை இருக்கிறது, அதனால் இழுப்பு கிடையாது. கல்லூரியில் பழகிய காதோடு ஒருவர் கிராமத்துக்குப் போய் ஒரு கிழவர் அப்படி முடிப்பதைக் கேட்டால், சுருதி விலகிவிட்டது என்றுதான் நினைப்பார். பழைய பதிப்பாசிரியர்கள் சிலர் அப்படி நினைத்து அந்த நி-யைத் 'திருத்தி' அச்சிட்டதும் உண்டு. அது பிழை இல்லை, வேறொரு ஸ்கேல் என்று பிடிவாதமாகச் சொன்னது ஷார்ப்பின் தலைமுறை. உலகம் முழுக்கப் பிரபலமான 'ஸ்காபரோ ஃபேர்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அது டோரியன். ஆனால் சுரத் தானங்கள்தான் கரகரப்பிரியாவோடு பொருந்தும். ராகத்துக்குரிய பிடிகளும் கமகங்களும் அங்கே கிடையாது, அதனால் கரகரப்பிரியா கேட்கப்போகிறோம் என்று போட்டால் ஏமாற்றம்தான்.

இதில் ஒரு சின்னத் தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். ஷார்ப்பின் வாழ்க்கை வரலாற்றை 1933-ல் எழுதிய ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ், அதற்கு முன் 1914-ல் இந்திய இசை பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டவர்.

இசையமைப்பாளர்களுக்கு இந்த மோட்கள் ஏன் இவ்வளவு இனித்தன என்பது இப்போது விளங்கும். காகலி நிஷாதம் போனால் ஜெர்மானிய முடிவுகளும் போய்விடும். புது முடிவுகள் தேடியாக வேண்டும். 'இசை இல்லாத நாட்டுக்கு' ஒரு தனிக் குரல் கிடைத்துவிடும். ரேஃப் வான் வில்லியம்ஸ் அந்த வழியில் போய்ப் பெரிய ஆளானார்.

அவருக்கும் 1903 தான் திருப்புமுனை. டிசம்பர் மாதம், எஸெக்ஸ் மாவட்டத்தின் இங்கிரேவ் கிராமத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு பண்ணைத் தொழிலாளி வான் வில்லியம்ஸுக்காகப் பாடினார். சார்ல்ஸ் பாட்டிஃபர் என்று பெயர். காலமெல்லாம் தெரிந்த ஒன்றை இப்போதுதான் முதல் தடவை கேட்பது போல இருந்தது என்று பின்னாளில் வான் வில்லியம்ஸ் அந்த அனுபவத்தைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகு பத்தாண்டுகளில் 800-க்கும் மேற்பட்ட பாட்டுகளைச் சேர்த்தார். 1906-ல் வெளிவந்த 'இங்கிலிஷ் ஹிம்னல்' என்ற ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்தபோது, கூலிக்காரர்களின் பாட்டு மெட்டுகள் பலவற்றைப் பக்திப் பாடல்களுக்குப் பொருத்தினார். மெட்டுகளுக்கு அவை கிடைத்த ஊர்களின் பெயரையே சூட்டினார்: ஃபாரஸ்ட் கிரீன், மங்க்ஸ் கேட், கிங்ஸ் லின். இன்றும் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்குப் பெத்லகேம் பற்றிய பாட்டைப் பாடுகிறவர்கள், சரி (Surrey) மாவட்டத்துக் கிராமத்தான் ஒருவர் பாடிக் காட்டிய ஃபாரஸ்ட் கிரீன் மெட்டைத்தான் பாடுகிறார்கள்.

மெட்டு மிஞ்சியது, கதை போயிற்று

கிங்ஸ் லின் என்ற பெயரில் கொஞ்சம் நிற்போம். அது நார்ஃபோக் மாவட்டத்தின் துறைமுக ஊர். 1905 ஜனவரியில் வான் வில்லியம்ஸ் அங்கே மீனவர் குடியிருப்புக்குப் போனார். ஜேம்ஸ் கார்ட்டர் என்ற மீனவர் 'கேப்டனின் அப்ரென்டிஸ்' என்ற பாட்டைப் பாடினார். ஒரு கப்பல் கேப்டன் தன் குற்றத்தைத் தானே சொல்வதாக அமைந்த பாட்டு. ஏழை விடுதியிலிருந்து வேலைக்கென்று எடுத்துவந்த ஒரு பையன். ஏதோ சின்னத் தப்பு செய்கிறான். கேப்டன் அவனைக் கட்டிவைத்து அடித்துச் சித்திரவதை செய்கிறான், பையன் செத்துப்போகிறான். அநாதைப் பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பிய ஊரில், அதே கடலில் பிழைத்தவர்கள் பாடிய பாட்டு.

1906-ல் வான் வில்லியம்ஸ் எழுதிய 'நார்ஃபோக் ராப்ஸடி' முதல் எண்ணைப் போட்டுக் கேளுங்கள். ஆரம்பத்திலேயே ஒரு வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) தனியாக, தாளக் கட்டு இல்லாமல் அந்த மெட்டை இழைக்கும். அபாரமான இடம், எனக்கு அலுத்ததே இல்லை. ஆனால் வரிகள் தெரியாமல் கேட்டால் தட்டையான கடற்கரை, மூடுபனி, தூரத்தில் பறவைகள் என்றுதான் மனதில் விரியும். அடிபட்டுச் செத்த பையன் அதில் இல்லை. இந்த மீட்சியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சேகரித்தவர்கள் காப்பாற்றியது முதலில் மெட்டை. வரிகள் இரண்டாம் பட்சம். பாடியவரின் வாழ்க்கை பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பெயர், ஊர், வயதோடு நின்றுவிட்டது.

வரிகளுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. காதல் பாட்டுகளில் பாதி படுக்கையறைக்குள் போய்த்தான் முடியும். ஷார்ப்பும் பாதிரியார் மார்சனும் 1904 முதல் வெளியிட்ட சோமர்செட் பாட்டுத் தொகுதிகளில் அப்படிப்பட்ட வரிகளை மென்மையாக்கினார்கள் அல்லது மாற்றி எழுதினார்கள். 1906-ல் பேரிங்-கூல்டோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொகுதி போட்டார் ஷார்ப். பிள்ளைகள் கையில் போவதை அப்படியே அச்சிட முடியாது என்பதும் புரிகிறது. ஷார்ப்பைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு: கேட்ட வரிகளைத் தன் கையெழுத்துப் பிரதிகளில் மாற்றாமல் வைத்திருந்தார். அவை இன்று கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரியில் இருக்கின்றன. அச்சில் போனதைக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, பின்னால் வந்த ஆய்வாளர்களால் அவரையே விமர்சிக்கவும் முடிந்தது.

விமர்சனம் கடுமையாகவே வந்தது, குறிப்பாக 1980-களில். படிப்பும் நகரமும் தொடாத குடியானவர்கள் என்று ஷார்ப் கற்பனை செய்த கூட்டம் உண்மையில் எங்கே இருந்தது? அவர் சேகரித்த பாட்டுகளில் பலவும் தெருவில் காசுக்கு விற்ற ஒற்றைத் தாள் அச்சுப் பாட்டுகளாகவும் சுற்றியவை. ரயில் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கிராமத்துப் பாடகர்களுக்கு மியூசிக் ஹால் பாட்டும் தெரியும், ஞானப்பாட்டும் தெரியும். அதையெல்லாம் பாட ஆரம்பித்தால் சேகரிப்பவரின் பென்சில் நின்றுவிடும். பழசு என்று தோன்றியது மட்டும் நோட்டில் ஏறியது. தொழிலாளர் ஊர்களின் பாட்டுகள் பெரும்பாலும் கணக்கிலேயே வரவில்லை. இதில் விமர்சகர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டுகள் இல்லாவிட்டால் விமர்சிக்கவும் எதுவும் மிஞ்சியிருக்காது. பணக் கணக்கும் ஒருதலைதான்: பக்கவாத்தியம் எழுதி அச்சிட்டவருக்குப் பதிப்புரிமை, பாடியவருக்கு எதுவும் கிடையாது.

மெழுகு உருளையில் ஒரு கிழவர்

இந்தக் கூட்டத்தில் மாறுபட்டு நின்றவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பியானோ கலைஞர் பெர்சி கிரெய்ங்கர். 1905-ல் லிங்கன்ஷையர் மாவட்டத்தின் பிரிக் என்ற ஊரில் நடந்த இசைப் போட்டியில் ஜோசப் டெய்லர் என்ற முதியவர் பாடுவதைக் கேட்டார். டெய்லர் பண்ணை நிர்வாகி, ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடியவர். கிரெய்ங்கர் முதலில் எல்லாரையும் போல் பென்சிலால்தான் எழுதினார். அடுத்த ஆண்டு ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். பாடுபவர் குழாய்க்குள் பாடினால் மெழுகு உருளையில் பதியும் கருவி அது.

பதிந்ததை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டபோது அவருக்குப் புலப்பட்டது இதுதான். ஒரே பாட்டின் ஒவ்வொரு கண்ணியையும் டெய்லர் கொஞ்சம் மாற்றிப் பாடுகிறார். ஓரிடத்தில் சேர்த்த அலங்காரம் அடுத்த கண்ணியில் இல்லை. தாளம் நாலு, மூன்று, ஐந்து என்று வார்த்தைக்கேற்ப நீளுகிறது, குறுகுகிறது. முக்கியமாக, காந்தாரமும் நிஷாதமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சில நேரம் மேலே, சில நேரம் கீழே, சில நேரம் இரண்டுக்கும் நடுவில். அப்படியானால் இது டோரியனா, மிக்ஸோலிடியனா என்று கேட்பதே சரியில்லை, இவர்கள் பாடுவது இறுக்கமில்லாத ஒரே ஸ்கேலில் என்றார் கிரெய்ங்கர். பியானோவின் நிலைத்த கட்டைகளில் வளர்ந்த ஐரோப்பியக் காதுக்கு இது அதிர்ச்சி. கமகத்தில் வளர்ந்த காதுக்கு, இதில் என்ன ஆச்சரியம் என்று தோன்றலாம்.

ஒரு கண்ணியின் மெட்டை மட்டும் எழுதி 'இதுதான் பாட்டு' என்று அச்சிடுவது வழக்கமாக இருந்த காலத்தில், கிரெய்ங்கர் எல்லாக் கண்ணிகளையும் தனித்தனியாக நுணுக்கமாக எழுதி 1908-ல் நாட்டுப்பாடல் சங்க இதழில் வெளியிட்டார். சங்கத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கருவியைப் பார்த்ததும் பாடகர்கள் கூசிப்போவார்கள் என்று ஷார்ப்பும் ஒத்துக்கொள்ளவில்லை. அதே 1908-ல் கிராமஃபோன் கம்பெனி டெய்லரின் பாட்டுகளை இசைத்தட்டாகவே வெளியிட்டது. ஓர் ஆங்கிலக் கிராமத்துப் பாடகரின் குரல் வியாபாரத் தட்டில் வந்தது அதுதான் முதல் முறை.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. ஜார்ஜ் பட்டர்வொர்த் நூற்றுக்கணக்கான பாட்டுகளும் நடனங்களும் சேகரித்தவர், அவரே மோரிஸ் என்ற ஆங்கில நாட்டுப்புற நடனத்தில் தேர்ந்தவர். 1913-ல் எழுதிய 'பேங்க்ஸ் ஆஃப் கிரீன் வில்லோ' நாட்டுமெட்டுகளை வைத்துக் கட்டிய சின்ன அழகான படைப்பு. 1916 ஆகஸ்ட் 5 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் கொல்லப்பட்டார், வயது 31. ஷார்ப் நடத்திய நாட்டு நடனக் குழுவில் ஆடியவர்களில் வேறு மூன்று பேரும் அதே ஆண்டு போரில் இறந்தார்கள். வான் வில்லியம்ஸ் நாற்பதைத் தாண்டியும் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து பிரான்சில் இருந்தார். 1922-ல் அரங்கேறிய அவருடைய 'பேஸ்டரல் சிம்பொனி'யை ஆங்கில வயல்வெளிகளின் இசை என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த இசை மனதில் உருவானது பிரான்சில் போர்ப் பணியில் இருந்தபோதுதான் என்று பிறகு அவரே எழுதினார். இரண்டாம் பகுதியில் வரும் தனி டிரம்பெட், அங்கே பயிற்சி செய்யும்போது சுரம் தவறிய ஒரு பியூகிள்காரரின் (ராணுவ ஊதுகொம்பு வாசிப்பவர்) நினைவு.

இந்தப் பாணி மொத்தத்தையும் 'மாட்டுச்சாணி இசை' என்று நக்கலடித்தவர் பின்னாளில் வந்த இசையமைப்பாளர் எலிசபெத் லட்யன்ஸ். வான் வில்லியம்ஸுக்கு அது பொருந்தாது என்றாலும், அவரைப் பார்த்து எழுதியவர்கள் சிலருக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

கேட்டுப் பார்க்க நினைத்தால் 'பிரிக் ஃபேர்' என்ற ஒரே பாட்டை மூன்று படியாகக் கேளுங்கள். முதலில் ஜோசப் டெய்லரின் 1908 தட்டு. இரைச்சலுக்கு நடுவே குரல் ஆச்சரியமாகத் தெளிவாக வரும், சீக்கிரமே முடிந்தும்விடும். டெய்லருக்கு இந்தப் பாட்டில் இரண்டு கண்ணிகள்தான் நினைவிருந்தன. அடுத்து கிரெய்ங்கர் ஒரு டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகருக்கும் பாடகர் குழுவுக்குமாக எழுதிய வடிவம், இதில் மீதிக் கண்ணிகளை அவர் வேறு பாட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார். மூன்றாவது, அவரிடமிருந்து மெட்டை வாங்கி ஆங்கில இசையமைப்பாளர் டீலியஸ் 1907-ல் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியது. கால் மணி நேரம் ஓடும், வரிகளே கிடையாது. அதற்குப் பிறகும் நேரம் இருந்தால், கிரெய்ங்கர் 1937-ல் காற்று வாத்தியக் குழுவுக்கு எழுதிய 'லிங்கன்ஷையர் போஸி'. தனக்குப் பாடிக் காட்டிய பழைய பாடகர்களுக்குத்தான் அதைச் சமர்ப்பித்திருக்கிறார். ஒவ்வொரு பகுதியையும் ஒரு பாடகரின் உருவப்படமாக எழுதியதாகவும் சொன்னார். அதில் 'லார்ட் மெல்போர்ன்' பகுதியில் தாளம் போட்டுப் பாருங்கள், கை சீக்கிரமே தப்பிவிடும்.